மணல் எங்கே போச்சு? கடலரிப்பு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புதுச்சேரிக்கு வடக்கே கடலோரத்தில் குடியிருக்கிறேன். ஊரிலிருந்து யார் வந்தாலும் முதலில் கடலைப் பார்க்கப் போகிறார்கள், திரும்பி வந்ததும் இந்தக் கேள்விகளைக் கேட்கிறார்கள். நான் பொறியாளன் இல்லை. பல வருடமாகப் பார்த்ததையும் படித்ததையும் வைத்து எழுதியிருக்கிறேன். உதாரணங்கள் பெரும்பாலும் புதுச்சேரி, சென்னைப் பக்கத்தவை. எனக்கு நன்றாகத் தெரிந்த கரை இதுதான்.

கடல் மட்டம் உயருது, அதனால்தானே கரை கரையுது?

ஓரளவுக்கு உண்மை. இந்தியக் கரையோரத்தில் கடந்த நூற்றாண்டில் கடல் மட்டம் ஆண்டுக்குச் சராசரியாக 1.7 மில்லிமீட்டர் உயர்ந்தது. இப்போது வேகம் கூடியிருக்கிறது. மணற்கரையில் கடல் ஒரு சென்டிமீட்டர் உயர்ந்தால் கரை அரை மீட்டரிலிருந்து ஒரு மீட்டர் வரை பின்வாங்கும் என்று ஒரு தோராயக் கணக்கு உண்டு. அந்தக் கணக்குப்படி பார்த்தாலும் ஆண்டுக்குச் சில பத்து சென்டிமீட்டர்தான் போக வேண்டும். எங்கள் பக்கத்தில் ஒரே மழைக்காலத்தில் ஒரு வலைக்கொட்டகையும் அதற்குப் பின்னால் இருந்த தென்னை வரிசையும் போனதை நான் பார்த்திருக்கிறேன்.

இதைவிட எளிய சான்று ஒன்று இருக்கிறது. புதுச்சேரித் துறைமுகத்துக்குத் தெற்கே வீராம்பட்டினத்தில் மணல் அகலமாகக் கிடக்கிறது. வடக்கே சில கிலோமீட்டரில் கரையே இல்லை. கடல் மட்டம் உயர்ந்தால் இரண்டு பக்கமும்தானே உயரும்? ஒரு பக்கம் வளர்ந்து மறுபக்கம் தேய்கிறது என்றால், நடுவில் யாரோ எதையோ நிறுத்தி வைத்திருக்கிறார்கள் என்றுதான் அர்த்தம். நிறுத்தி வைத்தது மணலை.

மணல் கிடந்த இடத்தில்தானே கிடக்கும், அதை எப்படி நிறுத்துவது?

கிடக்காது. நடந்துகொண்டே இருக்கும்.

அலை பெரும்பாலும் கரைக்கு நேராக வருவதில்லை, சாய்வாக வருகிறது. ஏறும்போது மணலைச் சாய்வாகத் தள்ளிக்கொண்டு ஏறுகிறது, இறங்கும்போது சரிவில் நேராக இறங்குகிறது. ஒவ்வொரு அலைக்கும் ஒரு மணல்துகள் ஒரு எட்டு பக்கவாட்டில் நகர்கிறது. அலை உடையும் இடத்தில் கரையை ஒட்டி ஒரு நீரோட்டமும் சேர்ந்துகொண்டு இழுக்கிறது. காற்று அதிகமில்லாத காலையில் ஒரு தேங்காய் மட்டையை அலை உடையும் இடத்தில் எறிந்துவிட்டு, அதோடு கரையில் நடந்து பாருங்கள். பத்து நிமிடத்தில் எவ்வளவு தூரம் உங்களை நடக்க வைக்கிறது என்று தெரியும்.

தமிழ்நாட்டின் கிழக்குக் கரையில் வருடத்தின் பெரும்பகுதி, தென்மேற்குப் பருவக்காலத்தையும் சேர்த்து, அலை தெற்கிலிருந்து சாய்ந்து வருகிறது. மணல் வடக்கே போகிறது. ஐப்பசி, கார்த்திகையில் வாடை அடிக்கத் தொடங்கியதும் திசை மாறி, மணல் கொஞ்சம் தெற்கே திரும்புகிறது. கூட்டிக் கழித்தால் நிகர ஓட்டம் வடக்கு நோக்கித்தான். அளவு வருடத்துக்கு லட்சக்கணக்கான கன மீட்டர். ஒரு லட்சம் கன மீட்டர் என்பதே மூன்று யூனிட் லாரியில் ஏறத்தாழ 12,000 நடை. இதை ஒரு ஆறாக நினைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் புரிந்துவிடும். ஆற்றுக்குக் குறுக்கே அணை கட்டினால் மேலே தேங்கும், கீழே வறளும். கடலுக்குள் கல் கட்டினால் தெற்கே தேங்கும், வடக்கே வறளும்.

இது எப்போது தெரிய வந்தது? இப்போதுதான் கண்டுபிடித்தார்களா?

இல்லை. சென்னைக்கு இது கிட்டத்தட்ட 150 வருடக் கதை. சென்னைத் துறைமுகக் கட்டுமானம் 1870களின் நடுவில் தொடங்கியது. 1881 புயலில் உடைந்து, திரும்பக் கட்டினார்கள். அதற்கு முன்பு கடல், இன்றைய காமராசர் சாலைக்கு மிக அருகில் இருந்தது. துறைமுகச் சுவர் எழுந்ததும் தெற்கிலிருந்து வந்த மணல் அங்கே முட்டி நின்று சேர ஆரம்பித்தது. 1880களில் கவர்னர் கிராண்ட் டஃப் அங்கே உலாவும் சாலை போட்டு மெரினா என்று பெயர் வைத்தார். இன்று மெரினாவில் சாலையிலிருந்து தண்ணீர் வரை சராசரியாக 300 மீட்டர் நடக்க வேண்டும். சுண்டல் வாங்கிக்கொண்டு கால் நனைக்கப் போகும்போது நீங்கள் மிதிப்பதெல்லாம் ஒரு கட்டுமானத்தின் பக்கவிளைவு.

அந்த மணல் போக வேண்டிய இடம் வடக்கே ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எர்ணாவூர். அங்கே நூற்றுக்கணக்கான மீட்டர் நிலம் போய்விட்டது, குப்பங்கள் போயின, எண்ணூர் நெடுஞ்சாலையே பல தடவை அரித்துக்கொண்டு போனது. கல் கொட்டினார்கள், பிறகு கரையிலிருந்து கடலுக்குள் நீளும் கல் சுவர்களை, அதாவது தூண்டில் வளைவுகளை, வரிசையாகக் கட்டினார்கள். அதற்கும் வடக்கே எண்ணூர் துறைமுகம் 2001இல் திறந்தது, அடுத்து காட்டுப்பள்ளி. அரிப்பு இப்போது பழவேற்காட்டை நோக்கி நகர்ந்திருக்கிறது.

தென்சென்னைக்காரருக்கு மாலைநேரக் காற்று, வடசென்னைக்காரருக்கு வாசலில் அலை. இரண்டும் ஒரே சுவரிலிருந்து வந்தவை என்று எந்தப் பாடப்புத்தகத்திலும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

புதுச்சேரியில் என்ன நடந்தது?

அதே கதைதான், வேகமாக ஓட்டிய படம் மாதிரி. அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் 1986க்கும் 1989க்கும் இடையில் துறைமுகத்துக்காக இரண்டு அலைத்தடுப்புச் சுவர்கள் கட்டினார்கள். தெற்கே தேங்கும் மணலை எடுத்து வடக்கே போட வேண்டும் என்பதும் அந்தத் திட்டத்திலேயே இருந்தது. அது ஒழுங்காக நடக்கவில்லை. சில வருடங்களில் நகரத்துக் கடற்கரையில் மணல் காணாமல் போனது. காந்தி சிலைக்குப் பின்னால் கருங்கல் குவியல்தான் மிஞ்சியது. ஒரு தலைமுறைப் பிள்ளைகள் 'பீச்' என்றால் பாறை மேல் உட்காரும் இடம் என்று நினைத்து வளர்ந்தார்கள்.

நகரத்தைக் காப்பாற்றக் கல் போட்டதும் அரிப்பு குருசுக்குப்பம், வைத்திக்குப்பம், சோலை நகர் என்று மேலே ஏறியது. அங்கேயும் கல் போட்டதும் எல்லை தாண்டி விழுப்புரம் மாவட்டத்தில் கோட்டக்குப்பம், தந்திராயன்குப்பம், சின்னமுதலியார்சாவடி, பொம்மையார்பாளையம். மணலுக்கு மாநில எல்லை தெரியாது, கோப்புகளுக்குத் தெரியும். துறைமுகம் ஒரு அரசுக்கு, வீடு இழந்தவர் இன்னொரு அரசுக்கு. யாரிடம் மனு கொடுப்பது என்பதிலேயே பாதி வருடம் போய்விடும்.

இப்போது புதுச்சேரியில் மணல் திரும்ப வந்திருக்கிறதே?

வந்திருக்கிறது. பார்க்க சந்தோஷமாகவும் இருக்கிறது. 2018இல் தேசிய கடல்சார் தொழில்நுட்பக் கழகத்தார் தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்கடியில் ஆப்பு வடிவத்தில் எஃகாலான ஒரு செயற்கைத் திட்டை இறக்கினார்கள். அலை அதன் மேல் ஏறும்போதே வலுவிழந்துவிடுகிறது. அதற்குப் பின்னால் தண்ணீர் அமைதியாகிறது, சுமந்து வந்த மணலைக் கீழே போடுகிறது. கூடவே துறைமுகத்தில் தூர்வாரிய மணலையும் கொண்டுவந்து கொட்டினார்கள். காந்தி சிலைக்கு வடக்கே பிள்ளைகள் மறுபடி மணல்வீடு கட்டுகிறார்கள்.

ஆனால் இந்தத் திட்டு மணலை உற்பத்தி செய்வதில்லை. வருகிற மணலைப் பிடித்து வைக்கிறது. தெற்கிலிருந்து மணல் வருவது நின்றால் இதுவும் சும்மா நிற்கும். துறைமுகத்திலிருந்து மணல் எடுத்துப் போடுவது வருடாவருடம் நடக்க வேண்டிய வேலை, ஒரு தடவை செய்து திறப்பு விழா நடத்திவிட்டு மறக்கும் வேலை இல்லை.

கல் கொட்டுவதற்கும் தூண்டில் வளைவுக்கும் என்ன வித்தியாசம்?

கரைக்கு இணையாகக் கொட்டினால் அது தடுப்புச் சுவர். கரையிலிருந்து கடலுக்குள் நீட்டி, நுனியை வளைத்தோ நேராகவோ கட்டினால் தூண்டில் வளைவு.

சுவர் தனக்குப் பின்னால் இருக்கும் சாலையையும் வீட்டையும் காப்பாற்றும், முன்னால் இருக்கும் மணலைக் காப்பாற்றாது. சரிவான மணலில் அலை ஏறி, களைத்து, நின்றுவிடும். கல்லில் மோதினால் களைக்காமல் திரும்பி, போகிற போக்கில் அடியிலிருக்கும் மணலைத் தோண்டிக்கொண்டு போகும். அதனால் கல் கொஞ்சம் கொஞ்சமாகப் புதைகிறது. நான்கைந்து வருடத்தில் மறுபடி லாரிகள் வரும். எங்கள் ஊரில் கல் லாரி வருவதை வைத்தே போன புயல் எந்த வருடம் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள்.

தூண்டில் வளைவு மணலைப் பிடிக்கும். அதன் தெற்குப் பக்கத்தில் கரை வளரும், வடக்குப் பக்கத்தில் அந்த அளவுக்குப் பட்டினி. அதற்கு இன்னொன்று கட்டுவார்கள், அதற்கும் வடக்கே இன்னொன்று. வரிசையின் கடைசி வளைவுக்கு அடுத்த ஊர் எது என்று பாருங்கள், அடுத்த போராட்டம் அங்கேதான்.

அப்படியென்றால் மீனவர்களே ஏன் தூண்டில் வளைவு வேண்டும் என்று மறியல் செய்கிறார்கள்?

வேறு எதையும் அவர்களுக்குக் காட்டவில்லை என்பதால். தெற்கே கட்டிவிட்டார்கள், நடுவில் இருக்கிற ஊர் கட்டாமல் இருந்தால் மொத்தமாகப் போகும். அடுத்த ஊருக்குக் கெடுதல் என்று தெரிந்தும் கேட்கிற நிலைமை அவர்களுடையது. அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

கரை இல்லாத மீனவர் ஊர் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஃபைபர் படகை ஏற்ற இடமில்லை. கல்லில் மோதி அடிப்பக்கம் உடைகிறது, இல்லையென்றால் தூரத்தில் நிறுத்திவிட்டு இன்ஜினைத் தோளில் சுமந்து வர வேண்டும். கரைவலை இழுக்க நாற்பது பேர் நின்று பின்னால் நடக்கும் மணல் வேண்டும், அந்தத் தொழில் எங்கள் பக்கத்தில் ஏறக்குறைய முடிந்துவிட்டது. கருவாடு காயப் போட்ட இடம், ஏலம் விட்ட இடம், வலை சரிபார்த்த இடம், சாயங்காலம் பெண்கள் உட்கார்ந்து பேசிய இடம், எல்லாம் அந்த மணல்தான். தனக்குச் சொந்தம் என்று யாரிடமும் பட்டா இல்லாத இடம். அதனால் போனதற்கு யாரிடமும் கணக்கும் இல்லை.

இழப்பீடு கிடைக்காதா?

புயலுக்குக் கிடைக்கும் நிவாரணம் மாதிரி இதற்குக் கிடைப்பது கடினம். புயலுக்குத் தேதி இருக்கிறது, அரிப்புக்கு இல்லை. ஒரே ஒரு மாற்றம்: 15ஆவது நிதிக்குழு 2021-26 காலத்துக்கு, ஆற்றரிப்பாலும் கடலரிப்பாலும் இடம்பெயர்ந்தவர்களை மறுகுடியமர்த்த 1,000 கோடி ரூபாயும், அரிப்பைத் தடுக்கும் வேலைகளுக்கு 1,500 கோடியும் பரிந்துரைத்தது. அது நாடு முழுவதற்கும் சேர்த்து.

ஆற்று மணல் அள்ளுவதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?

நேரடியாக உண்டு. கடற்கரை மணலில் பெரும்பங்கு ஆறுகள் கொண்டுவந்து கொட்டியது. காவிரிக்கு மேட்டூர் அணை 1934இலிருந்து இருக்கிறது, அணைக்குப் பின்னால் தண்ணீரோடு மணலும் நிற்கிறது. பாலாறு, தென்பெண்ணையில் அணையைத் தாண்டி மிச்சமிருந்ததை லாரிகள் எடுத்துப் போயின. சென்னையில் அடுக்குமாடிச் சுவருக்குள் இருக்கும் மணல், வெள்ளத்தில் உருண்டு கடலுக்கு வந்து, இந்தக் கரைகளில் எங்காவது சேர்ந்திருக்க வேண்டியது.

எங்கள் ஊர்க் கடற்கரை நிரந்தரமாகப் போகிறதா, பருவத்துக்குப் போகிறதா? எப்படித் தெரிந்துகொள்வது?

இதுதான் எல்லோரும் ஏமாறும் இடம். ஐப்பசியிலிருந்து மார்கழி வரை பெரிய அலைகள் மணலைக் கடலுக்குள் இழுத்து, கொஞ்ச தூரத்தில் திட்டாக வைத்துக்கொள்கின்றன. மாசி, பங்குனியில் கடல் அடங்கியதும் அதே மணலைச் சிறிய அலைகள் திரும்பக் கொண்டுவருகின்றன. டிசம்பரில் படம் எடுத்து 'கடல் ஊரை விழுங்குகிறது' என்று போடுவதும், ஏப்ரலில் பார்த்து 'எல்லாம் சரியாகிவிட்டது' என்பதும் ஒரே தவறு.

செலவில்லாத வழி: நகராத ஒரு அடையாளத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். கோயில் சுவரோ விளக்குக் கம்பமோ போதும். அங்கிருந்து அலை ஏறிய கோடு வரை, அதாவது குப்பையும் கிளிஞ்சலும் வரிசையாக ஒதுங்கியிருக்கும் கோடு வரை, அளவு நாடாவால் அளந்து பாருங்கள். மாதம் ஒரு தடவை, அமாவாசை அல்லது பௌர்ணமியை ஒட்டி. ஒரு மாதத்தை அடுத்த மாதத்தோடு ஒப்பிடாதீர்கள், இந்தச் சித்திரையைப் போன சித்திரையோடு ஒப்பிடுங்கள். நான்கைந்து வருடக் குறிப்பு இருந்தால் ஆட்சியர் அலுவலகத்தில் பேசுவதற்கு அதைவிடப் பெரிய ஆதாரம் தேவையில்லை. கூகுள் எர்த்தில் பழைய வருடப் படங்களும் கிடைக்கும். அதையும் அதே மாதத்துப் படத்தோடு பாருங்கள்.

பழைய அடையாளங்களும் பேசும். எங்கள் பக்கத்தில் அலைக்கு நடுவே ஒரு கிணற்றின் உறைகள் மட்டும் புகைபோக்கி மாதிரி நின்றுகொண்டிருந்தன. கிணறு வெட்டியவர் வீட்டுக் கொல்லையில்தான் வெட்டியிருப்பார். சுற்றி இருந்த மண் போய், உறை மட்டும் நின்றது. இரண்டு மழைக்காலத்துக்குப் பிறகு அதுவும் இல்லை.

அரசுக் கணக்கு என்ன சொல்கிறது?

தேசிய கடலோர ஆய்வு மையம் 1990இலிருந்து 2018 வரையிலான செயற்கைக்கோள் படங்களை வைத்து அளந்தது. இந்தியாவின் பெருநிலக் கரையில் மூன்றில் ஒரு பங்கு அரிக்கிறது, நான்கில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேலே வளர்கிறது, மிச்சம் ஏறக்குறைய அப்படியே இருக்கிறது. தமிழ்நாட்டில் அரிக்கும் பங்கு 40 விழுக்காட்டுக்கு மேல். புதுச்சேரியில் பாதிக்கும் மேல்.

வளரும் பகுதியைப் பார்த்து ஆறுதல் அடைய வேண்டாம். ஓரிடத்தில் வளர்வதும் இன்னோரிடத்தில் அரிப்பதும் பல நேரம் ஒரே சம்பவத்தின் இரு பக்கங்கள், மெரினாவும் காசிமேடும் மாதிரி.

கன்னியாகுமரி மாவட்டத்திலும் இதே காரணமா?

காலம் வேறு. அங்கே மேற்குக் கடல் சீறுவது ஆனி, ஆடியில். காற்றே இல்லாத நாளில் தொலைதூரப் பெருங்கடலிலிருந்து உருண்டு வரும் 'கள்ளக்கடல்' அலைகளும் உண்டு. ஆனால் துறைமுகச் சுவர், அடுத்த ஊரில் அரிப்பு, தூண்டில் வளைவு கேட்டு மறியல் என்ற வரிசை மாறவில்லை.

சவுக்கு நட்டால் நிற்குமா?

காற்றைத் தடுக்கும், பறக்கும் மணலைப் பிடிக்கும். அடியிலிருந்து அலை தோண்டினால் சவுக்கு வேரோடு சாய்ந்து படகுக்கு இடைஞ்சலாகக் கிடக்கும், அவ்வளவுதான். மணல்மேட்டுக்கு அடப்பங்கொடியும் இராவணன் மீசைப் புல்லும் பொருத்தம். அடும்பு என்று சங்கத்து நெய்தல் பாட்டுகளில் வருவது இந்தக் கொடிதான். மணலுக்குள் ஓடி, மேட்டைக் கட்டி வைக்கும். அந்த மேடுதான் கரையின் சேமிப்புக் கணக்கு: புயலில் கொஞ்சம் எடுத்துச் செலவு செய்து, பிறகு திரும்ப நிரப்பிக்கொள்ளும். அதைத் தட்டி ரிசார்ட் போட்டுவிட்டு, முன்னால் சவுக்கு நடுவது வேடிக்கை.

சுனாமிதான் கரையை மாற்றியதா?

2004 சுனாமி ஒரே காலையில் மாற்றியது, ஆனால் நிறைய இடங்களில் கரை தன்னைத் தேற்றிக்கொண்டது. எங்கள் பக்கத்தில் அரிப்பு அதற்குப் பல வருடம் முன்பே தொடங்கிவிட்டது.

தரங்கம்பாடிக் கோயிலைக் கடல் கொண்டது எந்தத் துறைமுகத்தால்?

எதனாலும் இல்லை. நியாயமான கேள்வி, ஏனென்றால் எல்லாவற்றுக்கும் துறைமுகத்தைக் காரணம் சொல்லவும் கூடாது. மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில், 1306ஐ ஒட்டி எழுந்த மாசிலாமணிநாதர் கோயிலின் முன்பகுதி மெல்ல மெல்லக் கடலுக்குள் போனது. ஆற்று முகத்துவாரங்கள் இடம் மாறுவது, புயல்கள், கழிமுகம் தானாகத் தாழ்வது என்று இயற்கையான அரிப்புக்குப் பல வழிகள் உண்டு. அது தலைமுறைக் கணக்கில் நடக்கும். பத்து வருடத்தில் தெரு போனால் வேறு எங்காவது பாருங்கள்.

கடலோரத்தில் மனை விலைக்கு வருகிறது. வாங்கலாமா?

'கடல் பார்த்த மனை' என்று விளம்பரம் போடுகிறவர் கடல் எவ்வளவு வேகமாக உங்களைப் பார்க்க வருகிறது என்று போடமாட்டார். முதலில் அந்த இடம் கடலோர ஒழுங்குமுறை மண்டலத்தில் எந்த வகையில் வருகிறது என்று பாருங்கள். 2019 அறிவிக்கைப்படி, மக்கள் நெருக்கம் அதிகமான கிராமப்புறங்களில் உயர் ஓதக் கோட்டிலிருந்து (கடல் ஏறும்போது தண்ணீர் எட்டும் எல்லை) 50 மீட்டரும், மற்ற கிராமப்புறங்களில் 200 மீட்டரும் கட்டக் கூடாத பகுதி. நகரங்களுக்கு விதி வேறு. 2011 அறிவிக்கையில் கிராமப்புறம் முழுக்க 200 மீட்டர் இருந்தது. கடல் நெருங்கி வரும் காலத்தில் தடை ஏன் சுருங்கியது என்பதற்கு எனக்கு இன்னும் திருப்தியான பதில் கிடைக்கவில்லை.

அப்புறம், தெற்கே பத்து கிலோமீட்டருக்குள் துறைமுகமோ புதிய தூண்டில் வளைவோ வரப்போகிறதா என்று விசாரியுங்கள். வில்லங்கச் சான்றிதழில் அது வராது.

எங்கள் ஊரில் தூண்டில் வளைவு கட்ட ஒப்பந்தப்புள்ளி விட்டிருக்கிறார்கள். கூட்டத்தில் என்ன கேட்கலாம்?

மூன்று கேள்வி போதும். கடைசி வளைவுக்கு வடக்கே இருக்கும் ஊரின் பெயர் என்ன, அந்த ஊர்க்காரர்களைக் கூட்டத்துக்கு அழைத்தீர்களா? வளைவுகளுக்கு இடையில் முதலிலேயே மணல் நிரப்புவீர்களா, இல்லை ஓடும் மணலைப் பிடித்து நிரம்ப விடுவீர்களா? (நிரப்பினால் அடுத்த ஊருக்குப் பட்டினி குறையும்.) ஐந்து வருடம் கழித்துப் பராமரிப்புக்கு எந்தத் தலைப்பில் பணம் இருக்கிறது? மூன்றாவது கேள்விக்குத்தான் பெரும்பாலும் மேடையில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள்.

இதையெல்லாம் ஒரே நாளில் நேரில் பார்க்க முடியுமா?

அரை நாள் போதும், ஒரு ஸ்கூட்டர் இருந்தால். காலை ஆறு மணிக்கு வீராம்பட்டினத்தில் தொடங்குங்கள், மணலில் கால் புதையப் புதைய நடந்து பாருங்கள். அடுத்து துறைமுக முகத்துவாரம், அங்கே மணல் வழியை அடைத்துப் படகுகள் திணறுவது தெரியும். பிறகு கடற்கரைச் சாலை: காந்தி சிலைக்கு வடக்கே புதிய மணல், அதற்கும் வடக்கே கல். வைத்திக்குப்பம் தாண்டிக் கோட்டக்குப்பத்துக்குள் நுழைந்து, ஒவ்வொரு குறுக்குத் தெருவிலும் கடைசி வரை போய்ப் பாருங்கள். சில தெருக்கள் பாதியில் முடியும். பொம்மையார்பாளையத்தில் டீ குடித்துவிட்டுத் திரும்பலாம். பத்து மணிக்குள் முடித்துக்கொள்ளுங்கள், வெயில் ஏறினால் கருங்கல் மேல் கால் வைக்க முடியாது.